நாட்டின் மின்சாரத்தில் பாதி பசுமை மின்சாரமா?

கேள்வி – பள்ளி ஆசிரியை, திருமங்கலம்

வணக்கம். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குப் பதாகை தயாரிக்கிறார்கள். ஒரு குழு ‘நாட்டின் மின்சாரத்தில் பாதி பசுமை மின்சாரம்’ என்றும், இன்னொரு குழு ‘எழுபது விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரி மின்சாரம்’ என்றும் எழுதியிருக்கின்றன. இரண்டு தரப்பும் நாளிதழ்ச் செய்தியைக் கொண்டுவந்து காட்டுகின்றன. எதை ஒட்டச் சொல்வது?

பதில் – ஓய்வுபெற்ற மின் பொறியாளர், மதுரை

அம்மா, முதல் குழு நிறுவுதிறனை (நிலையங்கள் எல்லாம் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறனை) படித்துவிட்டு, உண்மையில் கிடைக்கும் உற்பத்தியைப் பற்றி எழுதியிருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத நிறுவுதிறன் நாட்டின் மொத்தத்தில் பாதியை எட்டியது உண்மை. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின்கீழ் நம் நாடு 2030இல் எட்ட வேண்டிய இலக்கு அது, மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் கணக்கில் கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களும் அடக்கம். தலைப்பு எழுதுகிறவர் ‘சாராத’ என்பதைப் ‘பசுமை’ என்றும், ‘நிறுவுதிறன்’ என்பதை ‘மின்சாரம்’ என்றும் மாற்றிவிட்டால், சரியான எண் தவறான செய்தியாகிவிடுகிறது.

நம் பக்கத்துக் கமுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடினால் சுமார் 567 கோடி யூனிட் கிடைக்க வேண்டும். அதில் இருபது விழுக்காடுதான் உண்மையில் கிடைக்கிறது என்று வைத்தால் கிடைப்பது 113 கோடி யூனிட்தான். இரவில் வெயில் இல்லை, காலையிலும் மாலையிலும் மேகமூட்டத்திலும் வெயில் குறைவு என்பதைத் தவிர இதில் மறைபொருள் எதுவுமில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் 2019 மார்ச் மாதத்தில்தான் புதுப்பிக்கத்தக்கவை என்ற வகைக்குள் வந்தன. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டால், புதிதாக ஓர் அணைகூடக் கட்டாமலே ஏறத்தாழ 45,000 மெகாவாட் வளர்ச்சி தெரியும்.

பதில் – காற்றாலைப் பராமரிப்புப் பணியாளர், கம்பம்

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இருபது விழுக்காடு என்ற எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துச் ‘சூரிய மின்சாரம் வீண்’ என்று பரப்புவதும் அதே அளவு ஒருதலைப்பட்சமானது. அனல் மின் நிலையமும் முழுத் திறனில் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. அதற்கு நிலக்கரியை நாள்தோறும் காசு கொடுத்து வாங்கவும் வேண்டும். எங்கள் கணவாயில் வைகாசி முதல் ஆவணி வரை காற்று கொட்டும், தையில் இறக்கைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். ஆடி மாதத்து ஒரு நாள் உற்பத்தியைச் சாதனை என்றும், தை மாதத்துப் படத்தைத் தோல்வி என்றும் பகிர்கிறவர்கள் இருவருமே ஆண்டுக் கணக்கைக் காட்டுவதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் இரண்டாம் குழு எழுதியது சரியா?

பதில் – ஓய்வுபெற்ற மின் பொறியாளர், மதுரை

2024–25ஆம் ஆண்டு உற்பத்திக்குச் சரி. ஆண்டைக் குறிப்பிடாமல் ஒட்ட வேண்டாம். மத்திய மின்சார ஆணையம் நிறுவுதிறன், உற்பத்தி இரண்டுக்கும் மாதந்தோறும் தனித்தனி அறிக்கை வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, கீழே மாதத்தையும் ஆண்டையும் பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள்.