யாப்புத் திருத்தம்: வாக்களிக்க முன் சில விஷயம்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

புதிய யாப்பு, அதாவது சங்கத்தின் சட்டவிதிகள், அதன் வரைவை வாசித்தேன். பல நாடுகளில் கிளை உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் 'சர்வதேச ஒன்றியம்' என்று பெயர் வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் நிர்வாக சபையில் பாதிக்கு மேல் பழையபடி ரொறன்ரோக் கிளைதான். வங்கிக் கணக்கில் கையெழுத்து வைக்கிற மூவரும் அங்கேதான்.

காசு கூடத் தருவது நாங்கள்தானே என்று ரொறன்ரோ அண்ணைமார் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் காசுக்கேற்ற வாக்கு என்று போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சர்வதேச நாணய நிதியத்தைப் பாருங்கள். அங்கே பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 சதவீதம் இருக்கிறது. 191 நாடுகள் சேர்ந்து இருந்தென்ன, ஒரு நாடு தலையாட்டாவிட்டால் அலுவல் முடிந்தது. 2023-இல் மறுபடியும் அந்த நிதியத்திடம் கடன் வாங்கிய இலங்கை நாட்டுக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அதற்காக ஐ.நா. பொதுச்சபை மாதிரி கிளைக்கு ஒரு வாக்கு என்றாலும் சரிவராது. ஒஸ்லோவில் இருப்பது கைவிட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். அவர்களுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரே கனம் என்றால் ரொறன்ரோ கோபப்படுவது நியாயம்.

இணைய முகவரிகளை நிர்வகிக்கிற ஐகான் அமைப்பு இதற்கு நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறது. தலைமையகம் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தாலும் உலகத்தை ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து, இயக்குநர் சபையில் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஒருவர், எதிலிருந்தும் ஐவருக்கு மேல் கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். பொதுக்கூட்டமும் பிராந்தியம் பிராந்தியமாகச் சுற்றும். எங்களுக்கும் அது போதும்: எந்தக் கிளைக்கும் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஆசனம் இல்லை, எந்தக் கிளையும் ஆசனம் இல்லாமல் இல்லை.

அலுவலகத்தை அப்படியே ஊருக்கு மாற்றுவோம் என்று லண்டன் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பும் லண்டனில் குவிந்திருந்த வேலையை டக்கார், நைரோபி, ஹொங்கொங் என்று பிரித்துக் கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் புதிய தேசியப் பாதுகாப்புச் சட்டத்தால் 2021-இல் ஹொங்கொங் அலுவலகங்களை மூடவேண்டி வந்தது. ஓர் இடத்தில் அலுவலகம் போட்டால் அந்த இடத்துச் சட்டத்துக்கும் கட்டுப்பட வேண்டும். ஆகவே கணக்கு முழுவதையும் ஒரு நாட்டில் வைக்க வேண்டாம், அது கனடாவானாலும் சரி, ஊரானாலும் சரி. கையெழுத்தும் இரண்டு நாட்டிலாவது இருக்கட்டும்.

அப்புறம் நேரம். என்னைக் கேட்டால் ஆசனத்தைவிட இதுதான் பெரிய அநியாயம். எங்கள் கூட்டம் எப்போதும் ரொறன்ரோ ஞாயிறு காலை 10 மணி. மார்கழியில் அது சிட்னியில் திங்கள் அதிகாலை 2 மணி. சிட்னி அக்கா பிள்ளைகள் எழும்பிவிடும் என்று குசினிக்குள் இருந்து, ஒலிவாங்கியை நிறுத்திவைத்து, கருத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அவர் எழுதி முடிக்க முன் தீர்மானம் நிறைவேறிவிடும். கூட்டக் குறிப்பில் மட்டும் 'அனைவரும் ஏகமனதாக' என்று வரும்!

ஊர்க்காரருக்கு நேரம் பிரச்சினை இல்லை, அவர்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை. பாடசாலைக்குப் பெரிய தொடுதிரைப் பலகை வாங்கி அனுப்பினோம். அதிபரைக் கேட்டிருந்தால் மலசலகூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வேண்டும் என்றிருப்பார். வரைவில் ஊர்க் கிளைக்குக் கொடுத்திருப்பது 'ஆலோசனை உரிமை'. அதை வாக்குரிமையாக மாற்றாவிட்டால் என் வாக்கு எதிர்ப்புத்தான், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மார்கழிக் கூட்டத்தை ஊர் நேரம் ஞாயிறு மாலை 4.30-க்கு வைக்கும்படி கேட்கிறேன். லண்டனில் காலை 11, சூரிச்சில் நண்பகல், சிட்னியில் இரவு 10. ரொறன்ரோவில் காலை 6 மணி, குளிரும்தான். அடுத்த முறை வேறு கிளை கஷ்டப்படட்டும். செயலாளர் அண்ணை இதை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடுவாரா?