கப்பலிலேயே சோனார் இருக்கும்போது ஏ.யு.வி. எதற்கு?

மாஹெபூர்_கலா:
எல்லோருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கு ஆழ்கடல் ஆய்வை விளக்க வேண்டியிருக்கிறது. ரொட்ரிகஸ் தீவுக்குத் தென்கிழக்கே கைரெய், நம் மொரீஷியஸுக்குத் தெற்கே தென்மேற்கு இந்திய முகடு என்ற கடலடி மலைத்தொடரில் லோங்ச்சி எனக் கடல்தரையில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஆய்வுக் கப்பலின் அடியிலேயே, பல ஒலிக்கற்றைகளால் கடல்தரையை வரையும் மல்டிபீம் சோனார் உண்டு. பிறகு ஏ.யு.வி.யை, அதாவது ஆளில்லாமல் தானே ஓடும் நீர்மூழ்கி ஊர்தியை, ஏன் இறக்குகிறார்கள்? ஜி.பி.எஸ். எட்டாத இடத்தில் அது தன் இருப்பிடத்தை எப்படி அறிகிறது? அந்த இருட்டில் ஊற்றை எப்படிப் பிடிக்கிறது? எண்களோடு சொன்னால் நல்லது.

கடல்வரைவு:
கலா அக்கா, முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். கப்பல் சோனாரின் ஒரு கற்றை 1 பாகை அகலம் என்றால், 4,000 மீட்டர் ஆழத்தில் அது 70 மீட்டருக்கு விரிந்துவிடும். ஊற்றின் வாயில் கனிமம் படிந்து எழும் 20 மீட்டர் உயரப் புகைபோக்கி அந்த ஒரே புள்ளிக்குள் காணாமல் போகும். அதே கற்றையைத் தரைக்கு 50 மீட்டர் மேலிருந்து அனுப்பினால் புள்ளி 1 மீட்டருக்கும் குறைவு.

ஆனால் நெருங்க நெருங்கப் பார்க்கும் பரப்பு சுருங்கும். 50 மீட்டர் உயரத்தில் 120 பாகை விரியும் சோனார் சுமார் 170 மீட்டர் அகலம் பார்க்கும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி 130 மீட்டர் இடைவெளியில், கரும்பு வரிசை மாதிரி போய்த் திரும்பினால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 20 மணி நேரத்துக்கு 9 சதுர கி.மீ. கிடைக்கும். படமெடுக்க 5 மீட்டருக்கு இறங்கினால் இடைவெளி 3, 4 மீட்டர்தான். அதே 20 மணி நேரத்தில் கால் சதுர கி.மீ. தேறும்.

அதனால் கேமராவுக்குக் கடைசி இடம்தான். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ஏ.பி.இ. என்ற ஏ.யு.வி. முதலில் தரைக்கு 200 முதல் 400 மீட்டர் மேலே ஓடியது. ஊற்றிலிருந்து 350 பாகை செல்சியஸை ஒட்டி வெளிவரும் நீர், 2 பாகைக் குளிர்நீரோடு கலந்தபடி சில நூறு மீட்டர் எழும்பி, அடர்த்தி சமமானதும் பக்கவாட்டில் மேகமாகப் பரவும். நீரின் கலங்கலையும் வேதி மாற்றத்தையும் அளந்து அந்த மேகத்தைக் கண்டுகொள்வார்கள். அடுத்து 50 மீட்டரில் வரைபடம். மேலெழும் புகைத்தண்டைக் குறுக்கே வெட்டும் வாய்ப்பும் இங்கேதான். அதன் பிறகே 5 மீட்டரில் படம். 2007இல் தாயாங் யிஹாவ் என்ற சீன ஆய்வுக் கப்பலிலிருந்து இறங்கிய ஏ.பி.இ.தான் லோங்ச்சியைக் கண்டது. நம் மொழிக்காரர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு: சென்னை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.டி.) ஓ.எம்.இ. 6000 ஊர்தி இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படமெடுத்ததாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

ரோஸ்ஹில்_வழிகாட்டி:
இருப்பிடம் பற்றி நான் சொல்கிறேன். ரேடியோ அலை கடல்நீரில் சீக்கிரமே அடங்கிவிடும், ஆக வெளியிலிருந்து அறிவதெல்லாம் ஒலியால்தான். ஊர்திக்குள் இருக்கும் ஐ.என்.எஸ். என்ற அசைவுணரி முடுக்கத்தையும் திருப்பத்தையும் கூட்டிக்கொண்டே போகும். தனியே விட்டால் மணிக்கு ஒரு கடல்மைல்கூட விலகலாம். டி.வி.எல். என்ற வேகமானி நான்கு ஒலிக்கற்றைகளைத் தரையில் அடித்து, திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து (டாப்ளர்) வேகத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தால் பிழை, போன தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்கும். கப்பலின் யு.எஸ்.பி.எல். என்ற ஒலிவழி இடங்காட்டி, ஊர்தியின் தூரத்தையும் திசையையும் அளந்து ஒலி மோடம் வழியே கீழே அனுப்பும்.

சிக்கல் இறங்கும்போதுதான். 300 கிலோஹெர்ட்ஸ் டி.வி.எல்.லுக்குத் தரை தெரிவது கடைசி 200 மீட்டரில். நிமிடத்துக்கு 40 மீட்டர் வீதம் 4,000 மீட்டர் இறங்க 100 நிமிடம். அவ்வளவு நேரமும் நீரோட்டம் தள்ளும். அதனால் தரை கிடைத்ததும் ஒரு சிறு சுற்று ஓட்டி, யு.எஸ்.பி.எல். அளவுகளின் சராசரியால் இருப்பிடத்தைத் திருத்திய பிறகே ஆய்வு வரிசை.

யு.எஸ்.பி.எல். பிழை 0.3 சதவீதம் என்றால் 4,000 மீட்டரில் 12 மீட்டர். 3 மீட்டர் இடைவெளிப் படவரிசைக்கு அதை அப்படியே ஊட்டினால் பாதை கோணலாகி, படத்தொகுப்பில் ஓட்டை விழும். அங்கே டி.வி.எல்.லை நம்பி ஓட்டி, பிறகு படங்களை மல்டிபீம் வரைபடத்தோடு பொருத்துங்கள். நீரில் ஒலி செல்லும் வேகத்தை அளக்காமல் எதையும் இறக்காதீர்கள். அது தவறினால் சமதரைகூட ஓரங்களில் வளைந்து தெரியும்.

மாஹெபூர்_கலா:
இருவருக்கும் நன்றி. நீர் கலங்கித் தெரிந்தால் அங்கே ஊற்று என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடல்வரைவு:
கூடாது அக்கா. அடிநீரோட்டம் சேற்றைக் கிளறினாலும் கலங்கும். நீரின் வேதி நிலையைக் காட்டும் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தமும் கூடவே விழ வேண்டும். ஊற்றுநீரின் ஹைட்ரஜன் சல்பைடு போன்றவை கடல்நீரில் சீக்கிரம் ஆக்சிஜனேறிவிடும். தொலைவு போன மேகத்தில் துகள் மிஞ்சும், இந்த அடையாளம் மிஞ்சாது. ஆகவே அது சட்டென்று விழுந்தால் ஊற்று கிட்டத்தில் இருக்கிறது. அந்த மின்னழுத்த உணரியின் அளவு விழுவது வேகம், மீள்வது மெதுவாக. எனவே விழத் தொடங்கும் புள்ளியைக் குறியுங்கள், ஆகக் குறைந்த புள்ளியை அல்ல. மேகத்துக்கு நேர் கீழே தேடுவது பலரும் செய்கிற தவறு. நீரோட்டம் அதைத் தள்ளியிருக்கும். வரிசைகளை நீரோட்டத்துக்குக் குறுக்கே போட்டு எதிர்த்திசையில் நகருங்கள்.

கூர்பிப்_மிதவை:
மிதப்பை யாரும் தொடவில்லை. பாதித் தொல்லை அதில்தான். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அடர்த்தி கன மீட்டருக்கு 1,023 கிலோ. 4,000 மீட்டரில் அழுத்தமும் குளிரும் சேர்ந்து 1,045ஐ ஒட்டும். 1 டன் ஊர்தி சுருங்கவே இல்லை என்றால் மிதப்பு 20 கிலோவுக்கு மேல் கூடும். உடலும் மிதவை நுரையும் சுருங்குவது ஓரளவு ஈடுகட்டும். துறைமுகத் தொட்டியில் சமன்செய்ததோடு நிறுத்தினால், அடியில் மூக்கைச் சாய்த்தே ஓட வேண்டிவரும். பேட்டரி கரையும், கேமரா உயரமும் நிலைக்காது.

மிதவைக்குக் கண்ணாடிக் கோளமா, சின்டாக்டிக் நுரையா (நுண்கண்ணாடிக் குமிழ்கள் கலந்த கெட்டிப் பிசின்) என்பது சின்ன முடிவு அல்ல. ஏ.பி.இ. 2010 மார்ச்சில் சிலி கடலில் தொலைந்தது. ஒரு கண்ணாடிக் கோளம் உள்நொறுங்கியிருக்கலாம் என்பதே ஊகம். 400 வளிமண்டல அழுத்தத்தில் ஒன்று நொறுங்கினால் அதன் அதிர்ச்சி பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிடும். ஏ.பி.இ.யின் வாரிசு ஊர்தியான சென்ட்ரியில் நுரைதான்.

கழற்றிவிடும் எடைகள் இரண்டு: இறங்கி முடிந்ததும் விட ஒன்று, ஏறுவதற்காக விட ஒன்று. ஏற்றத்துக்கானதை மின்காந்தம் பிடித்திருக்கட்டும். மின்சாரம் போனால் தானாகவே விட்டுவிடும். மூடியை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தில் ஒரு முடி இருந்தாலே நீர் கசியும், ஆகவே இறக்குவதற்கு முன் மின்காப்புத் தடையை அளந்து, முந்தைய அளவைவிடக் குறைந்திருந்தால் அன்று இறக்க வேண்டாம்.

முகட்டுப் பள்ளத்தாக்கில் வரிசைகளைச் சமஉயரக் கோட்டை ஒட்டிப் போடுங்கள். செங்குத்துச் சுவரை நேராக ஏறச் சொன்னால் டி.வி.எல். தரையை இழக்கும், முட்டவும் கூடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்றில் அலை உயரும்போது, ஊர்தி அதிகம் அடிபடுவது கப்பலில் ஏற்றும்போதுதான். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வையுங்கள். அலை தணியும்வரை மேலே மிதந்தாலும் இருப்பிடம் அறிவிக்கும் செயற்கைக்கோள் பீக்கனும் மின்னொளியும் அணையாமல் இருக்கும்.