பலூனுக்குள் பையன்: அன்றைக்குப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மலைக்காற்று:

2009 அக்டோபர் 15, கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ். கதை எல்லோருக்கும் தெரியும், முழுசாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வெள்ளி நிறப் பலூன் பறந்தது, உள்ளே ஆறு வயதுப் பையன் இருக்கிறான் என்றார்கள், கடைசியில் பையன் வீட்டு கராஜின் பரணில் இருந்தான். டிவியில் வருவதற்காக அப்பா அம்மாவே நடத்திய புரளி என்று வழக்கும் வந்தது.

எனக்கு மறக்காமல் இருப்பது அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்த ஹாலோவீன். அப்போது டென்வருக்குத் தெற்கே குடியிருந்தோம். மகனுக்கு ஐந்து வயது. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் பலூன் பையன் வேஷம்தான். நானும் அட்டையை வட்டமாக வெட்டி, சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, நடுவில் ஓட்டை போட்டு அவன் இடுப்பில் மாட்டிவிட்டேன். அவனுக்குப் புலி வேஷம் வேண்டும். அழுதான். புலியை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சமாதானம் சொல்லி அழைத்துப் போனேன். தெருவே சிரித்தது, எத்தனையோ பேர் போட்டோ எடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்த பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. மிட்டாய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, "இது உன் யோசனையா கண்ணா, அப்பா யோசனையா?" என்று கேட்டார். பையன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் என்னைக் கையால் காட்டினான்.

அவ்வளவுதான். அந்தக் கை நீண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அன்று என்ன ஆயிற்று, எழுதுங்கள்.

நைட்ஷிப்ட்:

நான் அப்போது சென்னையில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. ஆளாளுக்கு ஊருக்கு பஸ் டிக்கெட் தேடிக்கொண்டிருந்த ராத்திரி. பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும், அழைப்புகள் திடீரென்று குறைந்துவிட்டன. அமெரிக்காவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு அம்மா மட்டும் லைனில் வந்தார். பிரிண்டர் பிரச்சினை. பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு, "தம்பி, இங்கே ஒரு குழந்தை வானத்தில் போய்க்கொண்டிருக்கிறான், உங்கள் ஊரில் காட்டுகிறார்களா?" என்றார். காப்பி மெஷின் பக்கத்து டிவியில் சிஎன்என் ஓடிக்கொண்டிருந்தது, எட்டிப் பார்த்தேன். தட்டு மாதிரி ஒன்று சாய்ந்து சாய்ந்து போகிறது. "எனக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார். நான் முருகனை வேண்டினேன், அவர் அந்தப் பக்கம் அவர் ஜெபத்தைச் சொன்னார். நடுவில் பிரிண்டரை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். நம் நேரம் ஒன்று ஐந்துக்குப் பலூன் வயலில் இறங்கியது. ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள், திரும்பப் பறந்துவிடாமல் மண்ணை அள்ளி அள்ளி மேலே போடுகிறார்கள். உள்ளே யாரும் இல்லை. அந்த அம்மா, "விழுந்துவிட்டானா? வழியில் எங்கேயாவது விழுந்துவிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் லைன் துண்டித்துவிட்டது.

ஷிப்ட் முடிவதற்குள் பையன் கிடைத்துவிட்டான் என்று செய்தி வந்தது. எங்கள் டீம் முழுக்கக் கை தட்டியது. காலை ஆறரைக்கு வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் சிஎன்என்னில் அந்தக் குடும்பத்தின் பேட்டி. லாரி கிங் நிகழ்ச்சி, அன்றைக்கு அவருக்குப் பதில் வுல்ஃப் பிளிட்சர். கூப்பிட்டது காதில் விழுந்தும் ஏன் வெளியே வரவில்லை என்று அப்பா கேட்கிறார். பையன், "நிகழ்ச்சிக்காகத்தான் பண்றோம்னு நீங்கதானே சொன்னீங்க" என்கிறான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மா இதைப் பார்த்திருப்பாரா என்றுதான் தோன்றியது. அவர் நம்பர் சிஸ்டத்தில் இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். விதிமுறை இடம் கொடுக்காது என்று விட்டுவிட்டேன்.

ஹீலியம்:

அன்று டெக்சாஸில் ஆபீஸில் இருந்தேன். பத்து பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கிறார்கள், "நீ இன்ஜினியர்தானே, ஒரு பையனை அது தூக்குமா?" என்று என்னைக் கேட்டார்கள். டிவியில் 20 அடி அகலம், 5 அடி உயரம் என்று சொன்னார்கள். காகிதத்தில் போட்டேன். ஏறக்குறைய 30 கன மீட்டர். ஹீலியம் கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தூக்கும். ஆக 31 கிலோ. ஆறு வயதுப் பையன் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், "தூக்கும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் விட்டது இரண்டு. ஃபோர்ட் காலின்ஸ் இருப்பது 5,000 அடி உயரத்தில். அங்கே காற்று மெல்லிசு, அதே பலூன் 27 கிலோதான் தூக்கும். பையன் 37 பவுண்டு, அதாவது 17 கிலோ. அடியில் இருந்த பெட்டி மட்டும் 18 பவுண்டு என்று பின்னால் ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரப் போலீஸ் தலைவர், சொன்னார், அது 8 கிலோ. மீதி இரண்டு கிலோவில் பிளாஸ்டிக், டேப், கயிறு எல்லாம் அடங்க வேண்டும். அதுவும் பலூன் முட்ட முட்ட ஊதியிருந்தால்! திரையில் ஒரு பக்கம் தொளதொளவென்று மடங்கித்தான் பறந்தது. அடியில் 17 கிலோ உட்கார்ந்திருந்தால் அது அப்படித் தட்டாமாலை சுற்றியிருக்காது, தூக்குக்குண்டு கட்டினாற்போல் நிமிர்ந்து நின்றிருக்கும். கண் முன்னாலேயே இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

ஷெரிஃப் தரப்பு கேட்டபோது கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி இயற்பியல் பேராசிரியர் ஒருவருக்கும் முதலில் 'முடியும்' என்றுதான் தோன்றியதாம். அப்பா கொடுத்த அளவுகளை வைத்துப் பார்த்ததால். அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் அந்தப் பெண் அழுதது என் வாய் வார்த்தையால்.

எட்டாம்படி:

மேலே எழுதிய மூன்று பேரும் இது புரளி என்று முடிவு கட்டியே எழுதுகிறீர்கள். அந்தக் குடும்பம் அதை இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதுகூட, மனைவியை ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் என்று அப்பா சொல்கிறார். 2020 டிசம்பர் 23-ல் கொலராடோ ஆளுநர் ஜாரெட் போலிஸ் இரண்டு பேருக்கும் மன்னிப்பு கொடுத்துவிட்டார்.

எனக்கு இதில் ஏன் அக்கறை என்றால், நியூ ஜெர்சியில் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்றில் போலீஸ் என் மனைவியிடம் சாட்சி கேட்டது. அப்போது அவள் வந்து நாலு மாசம். "நீங்கள் பார்த்தீர்களா?" எஸ். "அவர் அடித்தாரா?" எஸ். "அடிக்கவில்லையா?" எஸ். முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் எஸ். போலீஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார், நல்ல மனுஷன், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவர் எழுதிக்கொண்டு போயிருந்தால்? அந்த ஜப்பான் அம்மா விசாரணையில் 'ஹோக்ஸ்' (புரளி) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கண்காட்சி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று கணவர் சொன்னபோது ஊரே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

பழைய நிருபர்:

எட்டாம்படி, உங்கள் மனைவிக்கு நடந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில், இரண்டு வாரம் திட்டமிட்டோம், பிள்ளைகளையும் பொய் சொல்லச் சொன்னோம் என்று அந்த அம்மா சொன்னதாக இருக்கிறது. அதெல்லாம் ஒரு சொல்லில் வந்த குழப்பம் இல்லை. ஏற்கெனவே இரண்டு தடவை ஒரு ரியாலிட்டி ஷோவில் வந்த குடும்பம், சொந்தமாக ஒரு ஷோ கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தது. அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுவதற்கு முன்னால் டிவி நிலையத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பிள்ளை வானத்தில் போனால் நான் டிவிக்கா போன் போடுவேன்? நஷ்ட ஈடு 36,000 டாலர், அப்பாவுக்கு 90 நாள், அம்மாவுக்கு 20 நாள். மன்னிப்பு கொடுத்தார் என்றால் தண்டனை போதும் என்று அர்த்தம், நடக்கவே இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஷெரிஃப் ஜிம் ஆல்டர்டன் மேலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதலில் இது புரளி போலத் தெரியவில்லை என்றார். 18-ஆம் தேதி புரளிதான் என்று அறிவித்துவிட்டு, குடும்பத்தின் நம்பிக்கை போய்விடக் கூடாது என்று வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினோம் என்றார். எல்லோரும் எல்லோரிடமும் பொய். நடுவில் ஒரு ஆறு வயசு.

சரி, என் விஷயம். நான் அப்போது ஒரு செய்திச் சேனலில் எடிட்டிங் அறையில் இருந்தேன். மறுநாள் காலை அமெரிக்காவில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு அந்தக் குடும்பத்தை உட்கார வைத்தார்கள், இரண்டிலும் பையன் வாந்தி எடுத்தான். ஒன்றில் அம்மா ஒரு டப்பாவை அவன் வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டிருக்க, அப்பா பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்களுக்கு அந்தக் காட்சி வந்தது. எந்த இடத்தில் வெட்டினால் நன்றாக இருக்கும் என்று நான் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். எட்டு தடவையாவது பார்த்திருப்பேன். ஆறாவது தடவையில்தான் அவன் முகத்தைக் கவனித்தேன். வாந்தி வருவதற்கு முன்னால் அப்பாவின் சட்டையை இழுக்கிறான், அப்பா திரும்பவில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டு வாந்தியை மட்டும் வைத்தேன். நேரம் பத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரட்டைப்பிள்ளை அம்மா:

எனக்கு நேரடி அனுபவம் இல்லை. என் நாத்தனார் மகளுக்கு நாலு வயசில் ஒரு யூடியூப் சேனல் இருந்தது, ஒரு நாள் "அத்தை, இன்னைக்குக் கேமரா இல்லாம சாப்பிடலாமா?" என்று கேட்டாள், அதுதான்.

ஆனால் இங்கே படிக்கிற பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். குழந்தை அழுவதை, பயப்படுவதை, குளிப்பதைத் தயவுசெய்து ரீல்ஸ் ஆக்காதீர்கள். "பூதம் வந்துவிட்டது" என்று பயமுறுத்தி அதைப் படம் பிடிக்கிறவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்! பள்ளிச் சீருடையோடு, வீட்டு வாசல் தெரிய, பெயரைச் சொல்லிப் போடாதீர்கள். ஒரு வீடியோ போடும் முன் குழந்தையைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். இரண்டாம் தடவை கேட்காதீர்கள், இரண்டாம் தடவை கேட்டால் அது சம்மதிக்கத்தான் செய்யும். காசு வந்தால் குழந்தை பெயரில் தனிக் கணக்கு தொடங்கிப் போடுங்கள். பிரான்சில் 2020-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள், அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையிலிருந்து குழந்தைக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும். நம் ஊருக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள், குடும்பக் குழுவில் போட்டது எங்கெல்லாம் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. குழந்தையை வைத்துப் பொய் சொல்லாதீர்கள். "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று கடன்காரரிடம் அனுப்புவதும் இதில் சேர்த்திதான்.

மலைக்காற்று:

அம்மா, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் "இரண்டாம் தடவை கேட்காதீர்கள்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் புலியைப் பற்றி மூன்று தடவை கேட்டேன். நிருபர் சார், அந்தச் சட்டையை இழுத்ததை எழுதியதற்கு நன்றி.

வெல்ட் கவுண்டி:

இங்கே யாரும் எழுதாத ஒன்று. பலூனிலிருந்து ஏதோ விழுந்ததாகவும் ஒரு பேச்சு வந்ததே, பலூன் போன வழியில் பிளாட்வில் என்ற ஊர் பக்கத்தில். நான் அப்போது ஃபோர்ட் காலின்ஸில் எம்எஸ் படித்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழர்கள் நாலு பேரும் ஒரு பழைய காரில் கிளம்பிவிட்டோம். யாரும் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் ஓட்டம், காரில் ஒருவரும் பேசவில்லை.

அறுவடை முடிந்த சோள வயல், கட்டைகள் காலைக் குத்தின. தூரத்தில் ஒரு ஹெலிகாப்டர் சத்தம். வேலியோரமாகவே வரிசையாக நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு குட்டி ஷூ. ஒற்றை ஷூ, நீலம், மண் அப்பியிருந்தது. நாலு பேரும் அதைச் சுற்றி நின்றோம். தொட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மதுரைக்காரன் ஒருவன் குனிந்து, மண் உள்ளே காய்ந்திருக்கிறதா ஈரமா என்று மூக்கை வைத்துப் பார்த்தான். "பழசுடா, பழசுடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான், அழுகிற குரலில். போலீஸுக்குப் போன் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே காரில் இருந்த ரேடியோ சொன்னது: பையன் வீட்டிலேயே இருக்கிறான்.

கட்டிப்பிடித்துக்கொண்டோம். கிளம்பும்போது அவன் அந்த ஷூவை எடுத்து மண்ணைத் தட்டி, வேலிக் கம்பத்தின் மேல் கவிழ்த்து வைத்தான். யாருடையதோ, தேடி வந்தால் கண்ணில் படட்டும் என்றான்.