கசாக்ஸ்தானின் அல்மாட்டி நகரில் படிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அல்மாட்டியில் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தக் குழுவில் இருந்தால் ஒரு உதவி வேண்டும். சோவியத் காலத்துக் கசாக்ஸ்தானின் பெண் ஆர்க்கிடெக்ட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். அல்மாட்டியில் நீலக் குவிமாடத்தோடு நிற்கும் மத்திய அருங்காட்சியகம் 1985இல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர்கள் ரதூஷ்னி, முஸ்தாஃபினா, ர்ஸகலியேவ். இதில் முஸ்தாஃபினா பெண். கட்டடத்தின் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, அவரைப் பற்றித்தான் எதுவும் கிடைக்கவில்லை! எங்கே படித்தார், எந்த அரசு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தார், வேறு என்னென்ன வரைந்தார் என்று தெரிய வேண்டும். அப்போது பெரிய வேலையெல்லாம் அரசு நிறுவனங்களில் குழுவாகத்தான் நடக்கும். அதனால் பழைய கட்டடக்கலை இதழ்களில் தேடினால் கிடைக்கலாம். நூலகத்தில் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ரஷ்ய மொழியில் இருந்தாலும் சரி, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.