அந்த ஒற்றை இருக்கை எங்கே இருக்கிறது?

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அரங்கத்தைவிடப் பெரியது கிடையாது என்று நேற்று ஒருவர் அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அது டல்லாஸிலேயே இல்லை ஐயா, ஆர்லிங்டனில் இருக்கிறது! வழக்கமான இருக்கைகள் 80,000. எங்கள் ஊர் ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் 1,07,601. கடைசியில் நிற்கும் அந்த 1-ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

டல்லாஸ்வாசி: அளந்தவன் நான்தான். 2009 செப்டம்பர் 20, நியூயார்க் ஜயன்ட்ஸுடன் ஆட்டம், 1,05,121 பேர். போதுமா?

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: அதில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? ஆளுக்கு 29 டாலர் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை நிற்கவைத்தார்கள். அவ்வளவு கூட்டத்தையும் கூட்டிவைத்து 33-31 என்று தோற்றதை ஏன் எழுதவில்லை?

டல்லாஸ்வாசி: உங்கள் ஊரில் மட்டும் சிம்மாசனமா போட்டிருக்கிறார்கள்? நீளப் பெஞ்சு, அதன்மேல் எண். கொஞ்சம் பருமனான இருவர் அருகருகே உட்கார்ந்தால் உங்கள் பெருமைக்குரிய 1 காணாமல் போய்விடும்.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: அந்த 1-ஐத் தொடாதீர்கள். 1956-இல் அரங்கத்தை விரிவாக்கியபோது எண்ணிக்கை 1,01,001. அந்த ஒற்றை இருக்கை முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்கு உரியது என்பது எங்கள் ஊர் வழக்கு. எந்த இருக்கை என்று ஒருவருக்கும் தெரியாது. 1998-இல் 1,07,501, 2010-இல் 1,09,901, இப்போது 1,07,601. கூடினாலும் குறைந்தாலும் அந்த 1 மட்டும் போகவில்லை. 2013-இல் நோட்டர் டேம் அணி ஆட வந்தபோது 1,15,109 பேர் திரண்டார்கள். 41-30 என்று ஜெயித்தோம்.

டல்லாஸ்வாசி: அன்றிருந்த 1,09,901 இருக்கைகளில் 1,15,109 பேர் எப்படி உட்கார்ந்தார்கள்? மடியிலா? பேண்டு வாசிப்பவர், செய்தியாளர், தின்பண்டம் விற்பவர் என்று எல்லாத் தலைகளையும் எண்ணுவீர்கள். நாங்கள் நிற்பவரை எண்ணினால் மட்டும் குற்றமா?

சும்மா_பார்ப்பவன்: கொள்ளளவா, வந்த கூட்டமா? எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே. கூட்டம்தான் கணக்கு என்றால் 2016-இல் அமெரிக்காவின் பிரிஸ்டலில் டென்னசி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணிகள் ஆடியபோது 1,56,990 பேர்.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: அது கார் பந்தயத் திடல். தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதீர்கள்.

கொலம்பஸ்காரி: வடக்கே இருக்கும் அந்தப் பரம எதிரி அணியின் பெயரை நான் எழுதுவதில்லை. எங்கள் ஒஹாயோவின் குதிரை லாட வடிவ அரங்கம் 1922-லேயே வந்துவிட்டது. உங்களுடையது 1927. அக்காவுக்கு வழிவிடுங்கள்.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: வாருங்கள் அம்மா! உங்கள் அரங்கத்தின் அர்ப்பணிப்பு ஆட்டத்திலேயே வந்து 19-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது எந்த அணி? பெயரை எழுத வேண்டாம், ஊரை மட்டும் சொல்லுங்கள்.

கொலம்பஸ்காரி: நூறு வருடத்துக்கு முந்தைய சோற்றை இன்னும் எத்தனை நாள் தின்பீர்கள்?

டல்லாஸ்வாசி: அது இருக்கட்டும், என் கேள்விக்குப் பதில் எங்கே?

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: சொல்கிறேன். உங்களுடையது 2009-இல் கௌபாய்ஸ் அரங்கம், 2013-இல் ஏடி&டி என்று தொலைபேசி நிறுவனத்தின் பெயர். எங்களுக்கு 1927-இலிருந்து ஒரே பெயர். மியாமி அரங்கத்தைப் பாருங்கள்: தன் முயற்சியில் அதைக் கட்டிய ஜோ ராபியின் பெயரை எடுத்துவிட்டு புரோ பிளேயர், டால்ஃபின், லேண்ட் ஷார்க், சன் லைஃப், ஹார்ட் ராக்! வாடகை வீட்டுக்குக்கூட இத்தனை பெயர்ப்பலகை மாட்டமாட்டார்கள்.

டல்லாஸ்வாசி: பெயர் மாறினால் இருக்கை குறையுமா?

சும்மா_பார்ப்பவன்: கேண்டில்ஸ்டிக் அரங்கத்தின் பழைய பெயரை மீட்க சான் பிரான்சிஸ்கோவில் 2004-இல் மக்கள் வாக்கெடுப்பே நடந்தது.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: அந்த அரங்கத்தை இடித்தே ஆயிற்று. இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா?

டல்லாஸ்வாசி: கடைசியாகக் கேட்கிறேன். கிரைஸ்லரின் இருக்கை எது? ஒரு படம் போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதுவரை உங்கள் கணக்கு 1,07,600.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி: 601. முதலில் உங்கள் பெயரை ஆர்லிங்டன்வாசி என்று மாற்றிக்கொண்டு வாருங்கள்.