கொடை விழாப் பல் முகாம்: ஒரு வேண்டுகோள்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

வருகிற கோயில் கொடை விழாவுக்கும் ஒருநாள் இலவசப் பல் மருத்துவ முகாம் நடத்தலாம் என்று நம் ஊர்ச் சங்கச் செயற்குழு அனுப்பிய மடலைப் படித்தேன். நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. அதே பணத்தை ஒரே நாளில் செலவழிக்காமல், முகாமுக்குப் பிந்தைய சிகிச்சைக்கென்று ஆண்டு முழுவதும் பிரித்துச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, அத்தை வீட்டுச் சுவரில் நாள்காட்டி மாட்டிய ஆணியில், முந்தைய முகாமில் கொடுத்த சீட்டு குத்திக் கிடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய வேண்டும், மேல் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அத்தை எங்கும் போகவில்லை. போவதென்றால் முக்கூடல் வரை வந்து, திருநெல்வேலிப் பேருந்தைப் பிடித்து, சந்திப்பில் இறங்கி மாறி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரிசையில் உட்கார வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று வாழ்கிறவருக்கு அங்கே ஒரு நாள் போவது ஒரு நாள் கூலியை இழப்பதுதான். வேர் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதும் இல்லை. ஆகவே வலி எடுக்கும்போதெல்லாம், மடியில் இருக்கும் சுளகிலிருந்து ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை எடுத்துச் சொத்தைக் குழிக்குள் திணித்துக்கொள்கிறார். என் கண்முன்னாலேயே அப்படிச் செய்துவிட்டு, சற்று நேரம் கண்ணை மூடியிருந்து, மறுபடியும் இலையைச் சுருட்டத் தொடங்கினார்.

புகையிலை வலியை மரத்துப்போகச் செய்யலாம், சொத்தையை நிறுத்தாது. ஒரே இடத்தில் நாள்தோறும் ஒதுக்கிவைத்தால் அந்த இடத்துச் சதை வெளுத்துத் தடிக்கும். அது புற்றுநோயாக மாறவும் கூடும். புகையிலை சேராத வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைந்திருப்பதோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் வீட்டு ஆச்சிமார்களிடம் தொலைபேசியில் பேசும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயமும் அத்தைக்கு இருக்கிறது. பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் ஆடுகிற வயதில் பார்வையும் மங்குவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். இதை மேடையில் அறிவித்தால் யாரும் நம்பமாட்டார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்புவார்கள்.

பிள்ளைகளின் நிலை இன்னும் வருத்தம் தருவது. ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்கெல்லாம் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழாததால், அதுவும் பால்பல்தான் என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். தங்கை மகளின் வாயைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தப் பல்லின் பள்ளத்தில் கறுப்பாகக் குழி விழுந்திருந்தது. "விழுந்து முளைக்கிற பல்தானே" என்றாள் தங்கை. அது விழுந்தால் மறுபடி முளைக்காது. நாம் பை நிறையக் கொண்டுபோகும் சாக்லேட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு முறை இனிப்புத் தின்னும்போதும் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அமிலம் சுமார் அரை மணி நேரம் பல்லை அரிக்கிறது. ஒரே வேளையில் தின்று முடிக்கும் அல்வாவைவிட, நாள் முழுவதும் ஒவ்வொன்றாக வாயில் போடும் மிட்டாய்தான் அதிகக் கேடு செய்யும்.

பரிசோதனைக்கு நாம் செலவிடத் தேவையில்லை. 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டக் குழுக்கள் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைப் பார்க்கின்றன. அவர்கள் பார்க்கும் குறைகளில் பல் சொத்தையும் ஒன்று. விடுபடுவது பிந்தைய சிகிச்சை. ஒரே பல் மருத்துவர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை நம் பள்ளிக்குத் திரும்பி வர ஏற்பாடு செய்தால், மின்சார நாற்காலியோ துளைக்கும் கருவியோ இல்லாமலே பல சொத்தைகளைக் கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டால் அடைத்துவிட முடியும். அடைக்க முடியாதவற்றில் சில்வர் டையமின் ஃபுளூரைடு என்ற மருந்தைத் தடவி, சொத்தை பரவாமல் தடுக்கலாம். இவ்விரண்டும் 2021இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சில்வர் டையமின் ஃபுளூரைடு பட்ட சொத்தை கறுத்துவிடும் என்பதைத் தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். குடிநீரில் அளவு மீறினால் அதே ஃபுளூரைடு பல்லைக் கெடுக்கும் என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் வீடுகளில் ஃபுளூரைடு அளவையும் ஒருமுறை சோதிப்பது நல்லது; லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீர் குடிக்க ஏற்றதல்ல.

பெரியவர்களுக்கு, மாதம் ஒரு நாள் ஊரிலிருந்து ஹைகிரவுண்டுக்கு ஒரு வேன், அன்றைய பீடிக் கூலிக்கு ஈடான தொகை, யாருக்கு எந்தப் பல், அடுத்து எப்போது வர வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி உடன் போய்வர ஊருக்குள்ளேயே சம்பளத்திற்கு ஒரு பெண், இவ்வளவு போதும். பந்தல், ஒலிபெருக்கி, பதாகை, சால்வை என்று முகாமுக்கு ஆகும் செலவை எடுத்துவைத்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

ஜூன் மாதம் நான் ஊருக்குப் போகிறேன். அத்தையை நானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், கூலியையும் கொடுத்துவிடுவேன். வண்டியில் இன்னும் ஐந்து பேருக்கு இடம் உண்டு. உங்கள் வீட்டு ஆணியிலும் அப்படியொரு சீட்டு கிடந்தால், மே மாத இறுதிக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
வடக்குத் தெருவிலிருந்து, தற்போது மஸ்கட்