80களின் 12 அங்குல ரீமிக்ஸ் தட்டுகளைக் கணினியில் ஏற்றுவது: கீறல் சத்தத்தை எடுத்தால் டிரம்மும் போய்விடுகிறது

ஊசிமுனை:

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா 80களில் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டு டிஸ்கோக்களில் டிஜேயாக இசைத்தட்டுப் போட்டவர். இப்போது சின்ன வீட்டுக்கு மாறுகிறார், மாமி என்ன கெடு வைத்தாரோ தெரியாது, பெட்டி பெட்டியாக 12 அங்குலத் தட்டுகள் என் வீட்டு பாம் ஷெல்டருக்கு (கான்கிரீட் பாதுகாப்பு அறைக்கு) வந்து இறங்கிவிட்டன. முக்கால்வாசி சிந்த்பாப், அதாவது சிந்தசைசரும் டிரம் இயந்திரமும் வைத்துச் செய்த பாப். டெப்பெஷ் மோட், நியூ ஆர்டர், பெட் ஷாப் பாய்ஸ், இரேஷர், ஹியூமன் லீக் வகையறா. நடுநடுவே டிஎம்சி, ரேஸர்மெய்ட் என்று டிஜேக்களுக்கு மட்டும் சந்தா முறையில் அனுப்பிய ரீமிக்ஸ் தட்டுகளும் இருக்கின்றன.

ஸ்பாட்டிஃபையில் கேட்டால் ஆகாதா என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாட்டு அங்கே இருக்கிறது, இந்த ரீமிக்ஸ் இல்லை. இருக்கிற சிலதும் வேறு எடிட், இல்லையென்றால் ரீமாஸ்டர் என்ற பெயரில் சத்தத்தை ஏற்றி நசுக்கி வைத்திருக்கிறார்கள்.

கையில் இருப்பது மாமாவின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள், ஊசியின் மெல்லிய சிக்னலைக் கூட்டும் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப், அதைக் கணினிக்குள் கொண்டுபோக இரண்டு உள்ளீடு உள்ள சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். பதிவு நன்றாகவே வருகிறது. அதிலுள்ள கிளிக் ரிமூவலை ஓட்டினால் பொரிகிற சத்தம் போகிறது, கூடவே கைதட்டலும் ஸ்னேர் டிரம்மும் போர்வைக்குள் இருந்து அடிப்பது மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டாவது தொல்லை, பல தட்டுகளில் முதல் சில தாள அடிகளில் மட்டும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல், அப்புறம் அதுவாகவே தெளிந்துவிடுகிறது. சில தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சையும் பிடித்திருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

தேக்கா_தட்டுக்காரன்:

தம்பி, கணினியை மூடிவிட்டு முதலில் பூஞ்சையைப் பாருங்கள். பாம் ஷெல்டரில் காற்றே ஓடாது, நம் ஊர் ஈரப்பதத்துக்கு அதைவிட மோசமான இடம் தட்டுக்குக் கிடையாது. இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள். பூஞ்சை பிடித்த காகித உள்ளுறைகளைத் தயவு பார்க்காமல் குப்பையில் போடுங்கள், கழுவிய தட்டை அதே உறையில் திரும்பப் போட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வெள்ளையாக நிற்கும். மேலே பிவிசி பிளாஸ்டிக் உறை இருந்தால் அதையும் கழற்றுங்கள். இந்த வெயிலில் பிவிசி வியர்த்துத் தட்டின் மேல் மங்கலாகப் படிந்துவிடும், அந்தக் கறை எதற்கும் போகாது. பாலித்தீன் உள்ளுறை போதும்.

கழுவுவதற்குக் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர், அதில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு நுரைக்காத சோப்பு. லேபிளில் படக்கூடாது. மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே இழுக்கக்கூடாது. பிறகு வெறும் வடிகட்டிய தண்ணீரில் இன்னொரு முறை. முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பூஞ்சைத் தூள் மூக்குக்குள் போனால் ஒரு வாரம் தும்மல்தான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்த பிறகு உப்பு பள்ளத்திலேயே தங்கும். பெரியப்பா வைத்திருந்த 78 ஆர்பிஎம் தட்டு ஏதாவது கூடவே வந்திருந்தால் அதன் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டுபோகவே வேண்டாம், அது அரக்கு, கரைந்துவிடும்.

கழுவி முடித்ததும் நிற்க வைத்தே அடுக்குங்கள். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் பெரிதாகக் கிடைத்தால் 45, 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் இடம் இருக்காது, ரேஸர்மெய்டையாவது உள்ளே வையுங்கள். நான் ஒரு கடையில் தட்டு கழுவக் கொடுத்து, லேபிள் ஊறிப்போய்த் திரும்பி வந்தது, அதற்குப் பிறகு யாரிடமும் கொடுப்பதில்லை.

அலைவடிவம்:

ஒலிப்பதிவு என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிக் நீக்கும் மென்பொருளுக்குப் பாட்டு தெரியாது. முன்னும் பின்னும் உள்ள அலையோடு ஒட்டாமல் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவது எதுவோ அதைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தைப் பக்கத்தில் உள்ளதை வைத்து நிரப்புகிறது. லின்டிரம்மின் கைதட்டல், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸின் ஸ்னேர், டிஆர்-808இன் ரிம்ஷாட் என்று அந்தக் கால டிரம் இயந்திரங்களின் ஒலிகள் எல்லாமே அந்த வரையறைக்குள் வந்துவிடும். தோல் டிரம்மை ஒருவர் கையால் வாசித்த பதிவில் அந்த விளிம்பு கொஞ்சம் உருண்டிருக்கும், இயந்திர டிரம்மில் அது கத்தி மாதிரி நிற்கும். அதனால்தான் சிந்த்பாப் தட்டுகளில் தானியங்கி முறை இவ்வளவு நாசம் செய்கிறது. கர்நாடக இசைத் தட்டில் அதே அளவில் ஓட்டிப் பாருங்கள், வயலினில் ஒன்றும் தெரியாது, மிருதங்கத்தில் மட்டும் லேசாகத் தெரியும்.

ஒரு வழி, பதிவைப் பின்புறமாகத் திருப்பி ஓட்டுவது. ஆடாசிட்டியில் ரிவர்ஸ் செய்து, கிளிக் ரிமூவலைக் குறைந்த அளவில் கொடுத்து, மறுபடி ரிவர்ஸ். திருப்பும்போது டிரம் அடியின் வால் முன்னால் வந்துவிடும், அடி மெதுவாக வளர்ந்து நிற்பதாக மென்பொருளுக்குத் தெரியும், அதைத் தொடாது. கிளிக் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கிளிக்தான், அது மாட்டிக்கொள்ளும். கிளிக்ரிப்பேர் என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு.

அடுத்தது, எடுத்துப் போட்டதை மட்டும் கேளுங்கள். சரிசெய்த பதிவின் அலையைத் தலைகீழாக்கி மூலப் பதிவோடு கலந்தால் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஐசோடோப் ஆர்எக்ஸ் என்ற மீட்பு மென்பொருள் இருந்தால் கிளிக்கை மட்டும் வெளியே விடும் பொத்தானே இருக்கிறது. அந்த மிச்சத்தில் ஒழுங்கில்லாத பொரிச் சத்தம் மட்டும் கேட்டால் நல்லது. ஆடலாம் போல ஒரு தாளம் கேட்டால் அது பாட்டிலிருந்து திருடியது, அளவைக் குறையுங்கள்.

நீளமாகக் குறுக்கே ஓடும் கீறலுக்குத் தானியங்கியே வேண்டாம், கையால் செய்யுங்கள். 45 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி எடுக்கும், அதனால் முதல் கிளிக்கைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தது 1.33 விநாடி தள்ளி நின்றுகொண்டிருக்கும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) பாட்டாக இருந்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று சுற்று சரியாக 4 விநாடி, அதாவது நாலு நாலு அடியாக இரண்டு பார். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது கிளிக்கும் தாளத்தின் அதே இடத்தில் வந்து விழும், இதுவும் ரீமிக்ஸ்காரர் போட்ட பெர்குஷன்தான் என்று காதே ஏமாந்துவிடும். அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஒரு மில்லிவிநாடிகூட இல்லாத ஊசி ஒன்று தனியாக நிற்கும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும், உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிட ரீமிக்ஸ் ஒன்று சுமார் 275 எம்பி வரும். தொடர் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்த ‘உஸ்’ஸில் பாதி ஸ்டூடியோ டேப்பிலும் பழைய அனலாக் சிந்திலும் இருந்து வந்தது, அதைத் துடைத்தால் ரிவர்ப் என்ற எதிரொலியின் வாலும் ஹைஹாட் தாளத்தட்டின் காற்றும் சேர்ந்து போகும்.

மோட்டார் உறுமல் கேட்டால் ஒரு தந்திரம். உறுமல் பெரும்பாலும் மேலும் கீழுமான அசைவு, அது இடது வலது வித்தியாசத்தில்தான் உட்கார்ந்திருக்கும். டான்ஸ் தட்டில் பேஸையும் கிக் என்ற அடி டிரம்மையும் நடுவில் வைத்துத்தான் வெட்டுவார்கள். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் மோனோ ஆக்கினால் உறுமல் போகும், கிக் அசையாது.

சுவா_சூ_காங்_சுந்தர்:

அக்கா சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை, முதல் அடியில் வரும் இரைச்சலை விட்டுவிட்டார், அதைச் சொல்கிறேன். அது கியூ பர்ன். டிஜே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு முதல் கிக் எங்கே என்று தட்டை முன்னும் பின்னும் ஆட்டித் தேடுவார் இல்லையா, அதில் அந்தச் சில அடிகளின் பள்ளம் மட்டும் தேய்ந்துபோகிறது. அதுவும் டிஜே ஊசி என்றால் 3 கிராம் அழுத்தம், உருண்டை முனை. உங்கள் மாமா நிறைய உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்!

அவருடைய பழைய ஊசியிலேயே பதிகிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். உருண்டை முனை அவர் தேய்த்த அதே இடத்தில்தான் மறுபடி உட்காரும். ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95எம்எல் போல மைக்ரோலைன் முனை பள்ளத்தின் சுவரில் வேறு உயரத்தில் தொடும், தேயாத இடம் மிச்சம் இருந்தால் அதைப் படிக்கும். எஸ்எல்-1200இல் மாட்டுவது எளிது, 2 கிராம் வைத்தால் போதும். அடல்ஃபி பக்கம் போனால் ஹைஃபை கடைகள் இருக்கின்றன, கேட்டுப் பார்த்து வாங்கலாம்.

அதற்கும் போகாவிட்டால் வெட்டி ஒட்டுங்கள். எக்ஸ்டெண்டட் மிக்ஸ் (நீட்டிய வடிவம்) என்றால் தொடக்கத்தில் பெரும்பாலும் வெறும் டிரம் இயந்திரம்தான், ஐந்தாவது பாரில் உள்ள கிக்கும் முதல் பாரில் உள்ள கிக்கும் ஒரே சிப்பிலிருந்து வந்தவை. 120 பிபிஎம்மில் ஒரு பார் 2 விநாடி, 96 கிலோஹெர்ட்ஸில் 1,92,000 சாம்பிள் (அளவீட்டுப் புள்ளிகள்). சுத்தமான பாரை எடுத்து முன்னால் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அலைவடிவம்:

எனக்குத் தெரியும், சுந்தர் 😀

சாம்பிளை எண்ணி வெட்டினால் பொருந்தாது. தட்டின் ஓட்டை நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும், உங்கள் 1,92,000 ஒரு பாரில் கூடும், இன்னொரு பாரில் குறையும். காதால் கேட்டுத்தான் பொருத்த வேண்டும், ஒன்று மங்க மற்றது எழும் சின்ன கிராஸ்ஃபேடோடு. வெறும் டிரம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் செய்ய முடியும், ஏனென்றால் அனலாக் சிந்த் ஒரு பார் வாசித்ததை அடுத்த பாரில் அப்படியே வாசிக்காது, ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தொடங்கும். அதைவிட முக்கியம், ரீமிக்ஸ்காரர் முதல் பாரில் வேண்டுமென்றே ஏதாவது செய்திருக்கலாம், ஒரு எக்கோவைக் கூட்டியிருக்கலாம், ஹைஹாட்டை விட்டிருக்கலாம். இரைச்சலுக்கு அடியில் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மேலே ஒட்டுவதை நான் மீட்பு என்று சொல்லமாட்டேன்.

சுவா_சூ_காங்_சுந்தர்:

அக்கா, நாம் தேசிய ஆவணக் காப்பகத்துக்கா கொடுக்கப்போகிறோம்? வீட்டில் போட்டு ஆடத்தானே. இந்த ரீமிக்ஸ்களே அப்படிப் பிறந்தவைதான், ரேஸர்பிளேடை வைத்து டேப்பை வெட்டி ஒட்டி. ஷெப் பெட்டிபோன் மாதிரி ஆட்கள் பிழைத்ததே அதில்தான். ஹியூமன் லீக்கின் பாட்டுகளை எடுத்து அவர்களின் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட் 1982இல் ஒரு முழு ரீமிக்ஸ் ஆல்பமே செய்தார், மிக்ஸிங் டெஸ்க்கிலும் டேப்பிலும் செய்த வேலை அது. நான் ஒரு பாரை ஒட்டினால் மட்டும் குற்றமா?

அலைவடிவம்:

அவர் ஒட்டினால் அது அவருடைய படைப்பு. நீங்கள் ஒட்டிவிட்டு அவர் பெயரில் கோப்பை வைத்தால்தான் எனக்குச் சிக்கல். ஒட்டுங்கள், கோப்பின் பெயரிலேயே எந்த இடத்தில் ஒட்டியது என்று எழுதுங்கள், தொடாத மூலப் பதிவைத் தனியாக வையுங்கள். பத்து வருடத்தில் இதைவிட நல்ல மென்பொருள் வரும், அதற்குக் கொடுக்க மூலம் வேண்டும்.

ஊசிமுனை:

எல்லாருக்கும் நன்றி. தட்டுகளை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், வீட்டில் நடக்க இடமில்லை. ரிவர்ஸ் முறையை ஒரு நியூ ஆர்டர் தட்டில் செய்து பார்த்தேன், அந்த டிஎம்எக்ஸ் கிக் அப்படியே நிற்கிறது, பொரிச் சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. எடுத்துப்போட்டதைத் தனியாகக் கேட்பது அருமையான யோசனை, பழைய அமைப்பில் ஓட்டியதன் மிச்சத்தில் முழு ஸ்னேர் டிராக்கே கேட்டது.

மாமாவிடம் கியூ பர்ன் பற்றிக் கேட்டால், அதெல்லாம் தன் வேலை இல்லையாம், அடுத்த ஷிஃப்ட்டில் வந்தவன் செய்ததாம்.

இன்னும் ஒன்று. நீளமாக இழுக்கும் ஸ்டிரிங்ஸ் வரும்போது சில தட்டுகளில் சுருதி லேசாக ஆடுகிறது. டர்ன்டேபிள் கோளாறா? சுழலும் தட்டின் விளிம்பில் வேகத்தைக் காட்டும் புள்ளிகள் எல்லாம் விளக்கொளியில் அசையாமல்தான் நிற்கின்றன.

தேக்கா_தட்டுக்காரன்:

புள்ளிகள் நிற்கின்றன என்றால் மோட்டார் சரி. தட்டின் ஓட்டை விலகியிருக்கிறது. ஊசிக் கையைக் கவனியுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே உள்ளே போகும். ஓட்டையை ஒரு மயிரளவு பெரிதாக்கி, தட்டைக் கையால் நகர்த்தி, கை ஆடாத இடத்தில் வைத்துப் பதிய வேண்டும். இதைச் சரிசெய்ய கேப்ஸ்டன் என்று மென்பொருளும் இருக்கிறது, விலையைப் பார்த்தால் இன்னொரு டர்ன்டேபிளே வாங்கிவிடலாம். எல்லாத் தட்டுக்கும் செய்யாதீர்கள், ஆட்டம் காதுக்குத் தெரிகிறவற்றுக்கு மட்டும்.

அப்புறம் கியூ பர்ன் சண்டையைப் பார்த்தேன். என்னிடமும் கொஞ்சம் டிஎம்சி, ரேஸர்மெய்ட் இருக்கின்றன, நான் டிஜே இல்லை, வீட்டில் மட்டும் போட்டவை. உங்களிடம் முதல் பார் போன தட்டுகளின் பட்டியலைப் போடுங்கள், அதே தட்டு என்னிடம் இருந்தால் தொடக்கத்தை மட்டும் பதிந்து அனுப்புகிறேன், சுந்தரும் ஒட்டலாம், அக்காவும் கோபப்பட வேண்டாம். லேபிளில் உள்ள பெயரை மட்டும் எழுதாதீர்கள், ஒரே பெயரில் வேறு வேறு மிக்ஸ் வந்திருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு லேபிளை ஒட்டி இருக்கும் வெற்று வளையத்தில் எண் கீறியிருப்பார்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும், இரண்டு பக்கத்து எண்ணையும் எழுதுங்கள்.